மயில்கழுத்து வாங்கிய மானிட்டர்

சேலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த யாரையும் ஒற்றைச் சொல்லால் கல்லாவுக்குப் பின்னால் ஒளியவைக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சொல் ரெய்டு அல்ல. மயில்கழுத்து.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் ஐந்து ரோட்டுப் பக்கம் போய் விசாரிக்கலாம். "கையில் புடவைப் பையோடு ஒரு அம்மா வருவாங்களே" என்று ஆரம்பித்தாலே போதும். கடைக்காரர் முதலில் வாசலைப் பார்ப்பார். அப்புறம்தான் உங்களைப் பார்ப்பார்.

மயில்கழுத்து என்பது ஒரு பெண்மணிக்கு நாங்கள் வைத்த பெயர். சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர்வீடு. பிறந்த ஊர் எருமப்பட்டி. கணவர் கூட்ஸ் ரயிலில் கார்டு. அந்தப் பதவிக்கு இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் மேனேஜர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. என்னைவிட ஒரு வயது மூத்தவள். 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் பொறாமையும் மரியாதைப் பன்மையும் ஒரே வாக்கியத்தில் உட்கார மறுக்கின்றன. அதனால் 'அவள்' என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.

எங்கள் குவார்ட்டர்ஸில் வீட்டிலேயே உட்கார்ந்து போட்டோ திருத்திச் சம்பாதித்த முதல் ஆள் நான். இளம்பிள்ளையில் புடவை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், செல்போனில் எடுத்த புடவைப் படங்களை எனக்கு அனுப்புவார். பின்னால் தெரியும் அண்டா, பிளாஸ்டிக் நாற்காலி, எட்டிப் பார்க்கும் ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, வெள்ளைப் பின்னணி வைத்து, நிறத்தைக் கொஞ்சம் சரிசெய்து திருப்பி அனுப்புவேன். அதை அவர் வாட்ஸப் குரூப்பில் போடுவார். ஊர் ஊராகப் பெண்கள் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். கணவர் ஒதுக்கிப்போட்ட லேப்டாப்தான் என் தொழிற்சாலை. புதிதாகக் குடிவருபவர்களிடம் குவார்ட்டர்ஸ் பெண்கள் என்னை, "கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறவங்க" என்று காட்டுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கத்தால் அல்ல, சிரிப்பை மறைப்பதற்காக.

அந்தச் சுகத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள்.

"ஏனம்மிணி, அந்தச் சீலை வெட்டுற வேலைய எனக்குஞ் சொல்லிக் குடேன். எங்கூட்டுக்காரரு டூட்டிக்குப் போனா ரெண்டு நாளைக்கு ஆளே இல்ல. செவுத்தப் பாத்துக்கிட்டு எத்தன நேரந்தான் உக்காந்திருக்கறது?"

சொல்லிக்கொடுத்தேன். தாராள மனசு என்று நினைக்க வேண்டாம். என்னளவுக்கு அவளுக்கு வராது என்ற நம்பிக்கைதான்.

அவள்மேல் எனக்கு அதற்கு முன்பே சில மனத்தாங்கல்கள் உண்டு. ஒரே கடையில், ஒரே நாளில் இருவரும் கறிவேப்பிலைக் கன்று வாங்கினோம். அவளுடையது மரமானது. என்னுடையது குச்சியானது. ஸ்டாப்பிங் தாண்டிக் கை காட்டினால் டவுன் பஸ் அவளுக்கு நிற்கும். எனக்கு ஸ்டாப்பிங்கிலேயே நிற்காது. கல்யாணமான நாளிலிருந்து காபியைப் பற்றி வாய் திறக்காத என் கணவர், ஒருமுறை எதிர்வீட்டுக்கு ஒரு ஸ்பானர் கொடுக்கப் போய்விட்டு வந்து, "அங்க காபி நல்லா இருக்கு" என்றார். அன்றைக்கு அவருக்கு ராத்திரி வரை காபி கிடைக்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். என் லேப்டாப்பில் அவள் திருத்தி அனுப்பிய முதல் புடவையே திரும்பி வந்துவிட்டது. மயில்கழுத்து நிறப் புடவை. நீள நூலான பாவில் நீலம், குறுக்கு நூலான ஊடையில் பச்சை. வெயிலில் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம், திரும்பினால் இன்னொரு நிறம். படத்தில் அது சுத்த நீலமாகப் போயிருக்கிறது. வாங்கிய பெண், "நான் கேட்டது நீலம், வந்தது பச்சை" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

"இதெல்லாம் சகஜம்க்கா. நாலு போனா ஒண்ணு திரும்பி வரத்தான் செய்யும்" என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது.

அவள் கேட்கவில்லை. இளம்பிள்ளைக்குப் பஸ் ஏறிப் போய் அந்தப் புடவையையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். என் லேப்டாப்புக்குப் பக்கத்தில் விரித்துவைத்தாள். லேப்டாப் மூடியை முன்னால் சாய்த்தாள், பின்னால் சாய்த்தாள். சாய்க்கச் சாய்க்கப் படத்தில் நிறம் மாறியது. அதே படத்தைத் தன் போனில் பார்த்தாள்.

"இங்க நீலமா இருக்குது. போன்ல பச்சையா இருக்குது. இதுல எது நெசம் அம்மிணி?"

"ரெண்டும் கிட்டத்தட்ட நெசம்தான்க்கா."

"கிட்டத்தட்ட நெசம்னா அதுக்குப் பேரு பொய்யி."

அன்றிலிருந்து அவள் நல்ல மானிட்டர் தேட ஆரம்பித்தாள். பார்ப்பவர்களிடமெல்லாம் மயில்கழுத்து, மயில்கழுத்து என்று அதே பேச்சு. அவளுக்குப் பெயரும் அதுவே ஆனது.

வாங்குவதற்கு முன் அவள் படித்த படிப்பைச் சொல்ல வேண்டும். சமையல் செய்யும்போதும் துணி காயப்போடும்போதும் காதில் யூடியூப் ஓடிக்கொண்டே இருக்கும். கடைகளுக்குப் போன் போட்டு விசாரிப்பாள். கூட்ஸ் ரயில் கடக்கும் சத்தத்திலேயே பேசிப் பழகிய குரல். எதிர்வீட்டில் எங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். ஒருநாள் என் கணவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எதிர்வீட்டுல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க போல."

"அது ஹாஸ்டல்ல இருக்குது, இன்னும் காலேஜே முடிக்கலியே."

"ஐ.பி.எஸ். தான் வேணுமாம். டி.என். வேண்டாமாம். தமிழ்நாடு கேடர் பிடிக்காது போல. வி.ஏ.ஓ. வந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்களாம். எல்லாம் பத்தாயிரத்துக்குள்ள முடியணுமாம்."

ஐ.பி.எஸ்., டி.என்., வி.ஏ. மூன்றும் மானிட்டர் திரையின் வகைகள் என்று விளக்கினேன். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் மாறாதது ஐ.பி.எஸ்., அதனால் போட்டோ வேலைக்கு அதுதான் சரி என்றும் சொன்னேன். "அவங்களுக்கு எவ்வளவு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்றார் அவர். விளக்கியது நான். பெயர் வாங்கியது அவள்.

கடைக்குப் போகத் துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் இல்லாமல் அவள் நல்லதாக ஒன்றை வாங்கிவிட்டால் என்ன செய்வது?

முதல் கடை ஐந்து ரோட்டில். சுவர் நிறைய மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே கடல், ஒரே மீன். கண்ணாடி போட்ட கடைக்காரர் உற்சாகமாக எழுந்து வந்தார். அந்த உற்சாகத்தை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

"சாமி, அந்த மீனையெல்லாம் எடுத்துப்போட்டு இதப் போடுங்க" என்று பென் டிரைவை நீட்டினாள். உள்ளே அந்தப் புடவையின் படம். பையிலிருந்து புடவையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். "இந்த ட்யூப் லைட்டக் கொஞ்சம் அணைங்க."

"அணைச்சா கடை மூடிட்டோம்னு நெனச்சுப்பாங்க மேடம்."

"நெனச்சா நெனைக்கட்டும். நாந்தான் உள்ள இருக்கறனே."

அணைத்தார். அவள் நேராகப் பார்த்தாள். இடப்பக்கம் போய்ப் பார்த்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீழேயிருந்து பார்த்தாள். ஸ்டூல் கேட்டு வாங்கி அதன்மேல் ஏறி மேலேயிருந்து பார்த்தாள். மவுஸ் வாங்க வந்த ஒருவர், என்னமோ இருக்கிறது என்று தானும் குனிந்து பார்த்தார். அவருக்குப் பின்னால் வந்தவர், அவரைப் பார்த்துக் குனிந்தார்.

"பக்கத்துல போனா ஒண்ணு, தூரப் போனா ஒண்ணுன்னு மூஞ்சிய மாத்துற மனுசனையே நம்பப்படாது. இத எப்புடி நம்புறது?" என்று அந்த மானிட்டரை ஒதுக்கினாள்.

கடைக்காரர் வேறொன்றைக் காட்டினார். "இது கேமிங் மானிட்டர் மேடம். நூத்தி அறுபத்தஞ்சு ஹெர்ட்ஸ். வேகமா ஓடுற காட்சியெல்லாம் அப்படியே வழுக்கிட்டுப் போகும்."

"என்ற சீலை ஓடாதுங்க சாமி. மடிச்சு வெச்சா வெச்ச எடத்துலயே கெடக்கும்."

அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்து, அட்டையில் இருந்ததை விரல் வைத்துக் காட்டினார். "இதப் பாருங்க. எஸ்.ஆர்.ஜி.பி. தொண்ணூத்தொன்பது பர்சென்ட். காட்ட வேண்டிய கலர்ல நூத்துக்குத் தொண்ணூத்தொன்பதக் காட்டிடும்."

அவள் சற்று யோசித்தாள். "உட்டுப்போன அந்த ஒண்ணுல என்ற மயில்கழுத்து இருந்துபோச்சுன்னா?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். அப்புறம் பையனை அனுப்பி அவளுக்கு ஒரு டீ வாங்கிவரச் சொன்னார். கவனியுங்கள், அவளுக்கு. அவள் டீ குடித்து முடிக்கும்வரை புடவைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

இப்படியே கடை கடையாக ஒரு மாதம். வாங்கவில்லை. ஆனால் போகிற இடமெல்லாம் அவளுக்கு நாற்காலி. "அந்தம்மா சொல்றதும் ஒரு விதத்துல கரெக்டுதான்" என்று ஒரு கடைக்காரர் என்னிடமே சொன்னபோது எனக்குள் ஏதோ அறுந்தது. மறுநாள் தனியாகப் பஸ் ஏறினேன். அவள் வேண்டாம் என்று ஒதுக்கிய கேமிங் மானிட்டரிலேயே பெரியது, இரண்டு பக்கமும் வளைந்தது, தவணையில் வாங்கிவிட்டேன். அது ஆட்டோவுக்குள் நுழையவில்லை. நான் தொங்கிக்கொண்டும் அது உட்கார்ந்துகொண்டும் வீடு வந்து சேர்ந்தோம்.

என்ன வெளிச்சம் என்கிறீர்கள். சிவப்பைப் போட்டால் சுவரெல்லாம் சிவக்கும். மஞ்சளைப் போட்டால் பார்ப்பவர்களுக்கு மஞ்சள்காமாலை வந்ததுபோல இருக்கும். குவார்ட்டர்ஸ் மொத்தமும் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு வாரத்துக்கு நான் மகாராணி. அவளும் வந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"நல்லா இருக்குது அம்மிணி. ஆடிப் பண்டிகை சீரியல் செட்டாட்டமே இருக்குது."

அது பாராட்டு அல்ல என்பது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. அதற்குள் இளம்பிள்ளைக்காரர் போன் செய்துவிட்டார்.

"ஏம்மா, பொடவையெல்லாம் நாலு தடவை தொவச்சுக் காயப்போட்டு எடுத்தாப்புல இருக்குதே. பழைய பொடவை விக்கிறேன்னு குரூப்புல கேலி பண்றாங்க."

விஷயம் இதுதான். என் புது மானிட்டரில் எல்லா நிறமும் அளவுக்கு மீறி ஜொலித்தது. கண்ணைக் கூசுகிறதே என்று நான் நிறத்தைக் குறைத்துக் குறைத்து அனுப்பினேன். மற்றவர்களின் போனில் அது வெளிறிப்போய்த் தெரிந்தது. போதாததற்குத் திரை வளைந்திருந்ததால் புடவையின் பார்டரும் எனக்கு வளைந்தே தெரிந்தது. நேராக இருந்த பார்டரைக் கஷ்டப்பட்டு வளைத்து, நேராக்கிவிட்டதாக நினைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பார்த்துத்தானா அவள் மானிட்டர் வாங்க வேண்டும்?

பழைய ஐந்து ரோட்டுக் கடையில்தான். இருபத்துநாலு இஞ்ச், தட்டை, ஐ.பி.எஸ். ஸ்பீக்கர் கிடையாது, பளபளப்பு கிடையாது, பார்க்க மின்சார ஆபீஸ் ஜன்னல் மாதிரி இருக்கும். "இது ஆபீஸ்ல கணக்கு வேலைக்குன்னு விக்கிறது மேடம்" என்றாராம் கடைக்காரர். "நானுங் கணக்காத்தானுங்க பாக்கப்போறேன்" என்றாளாம் இவள். திரையை முழு வெள்ளையாக்கச் சொல்லி, எரியாத புள்ளி ஏதாவது உண்டா என்று மூக்கு ஒட்டும்படி நின்று அங்குலம் அங்குலமாகப் பார்த்து, "இங்க ஒரு புள்ளி செத்துக் கெடக்குதுங்க" என்று கண்டுபிடித்திருக்கிறாள். கடைக்காரர் துணியால் துடைத்தார். செத்துக் கிடந்தது உண்மைதான். ஆனால் அது கொசு. பத்தாயிரத்துக்குள் வாங்கி, மிச்சத்தில் ஒரு வெள்ளை பல்பும் வாங்கிக்கொண்டு வந்து, மகள் வீட்டில் விட்டுப்போன பழைய லேப்டாப்போடு மானிட்டரை இணைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததுதான் வேடிக்கை. கலர் பார்க்கிற இடத்தில் வேறு கலர் இருக்கக் கூடாது, சுவரின் நிறம் திரையில் பட்டுக் கண்ணை ஏமாற்றும் என்று யூடியூப்பில் யாரோ சொல்லிவிட்டார்கள். முன்னறையில் சுவரெல்லாம் சாம்பல் நிறப் போர்வைகளைக் கட்டிவிட்டாள். காலண்டர் போனது. பிளாஸ்டிக் ரோஜா போனது. சாமி படங்கள் சமையலறைக்குக் குடிபோயின. அவள் கணவர் டூட்டி முடித்து, சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் செருகிய பெட்டியோடு வாசலில் வந்து நிற்பார்.

"ஏனுங், கொடிய அங்கயே வெச்சுப்போட்டு வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

சிவப்பைக் கண்டால் ரயிலே நின்றுவிடும். அந்த வீட்டில் சிவப்பே வாசலில் நின்றது. அந்த மனுஷன் கொடியைச் செருப்புக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு உள்ளே போவார்.

ஒருநாள் நான் ஆரஞ்சு நிற நைட்டியில் போய்விட்டேன். என்னைப் பார்த்ததும் அவள் திரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள், ஒரு சாம்பல் போர்வையை எடுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டாள். சித்திரை மாத சேலம் வெயிலில், புடவை ஆடும் என்று ஃபேனும் நிறுத்தப்பட்ட அறையில், கோர்ட்டுக்குக் கூட்டிவந்த கைதிபோல அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"ஒரே இருட்டா இருக்கேக்கா" என்றேன். மானிட்டர் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து வைத்திருந்தாள்.

"கண்ணு பழகட்டும் அம்மிணி. வெளிச்சத்தக் கூட்டி வெச்சா எல்லாச் சீலையும் நல்ல சீலையாத்தான் தெரியும்."

பழகியது. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் விரித்துப்போட்டிருந்த அரக்குப் புடவையும் திரையில் இருந்த அரக்குப் புடவையும் உடன்பிறந்தவை போல இருந்தன. எனக்கு எரிந்தது. போர்வைக்குள் இருந்ததால் வெளியே தெரியவில்லை.

அவளிடம் குறை இல்லாமல் இல்லை. நான் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை அவள் ஒரு நாள் வைத்திருப்பாள். நிறத்தின் பெயருக்காக இளம்பிள்ளைக்காரரோடு சண்டை போடுவாள். வெங்காயக் கலர் என்று அவர் ஒரு புடவையை அனுப்பினார். அது சின்ன வெங்காயமா பெரிய வெங்காயமா, தோலா உள்ளிருக்கும் சருகா என்று கேட்டு ஒரு நீண்ட வாய்ஸ் மெசேஜ் போனது. அவர் பதில் சொல்லாததால் சின்ன வெங்காயம் நாலை உரித்துப் படமெடுத்து அனுப்பினாள். அவர் என்னிடம் புலம்பினார்.

"அந்தம்மாகிட்ட முடியலீங்க. பொடவை அனுப்பவே பயமா இருக்குது."

என் காதில் தேன் பாய்ந்தது. "பாவம், அவங்களுக்குப் புதுசுங்க. எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன், எனக்கே அனுப்பிடுங்க" என்றேன்.

"அனுப்பலாம். ஆனா அவங்க பாத்து உட்டது ஒண்ணுகூடத் திரும்பி வரலீங்களே" என்றார்.

தேன் நின்றது. அந்தத் தீபாவளிச் சரக்கு மொத்தமும் அவளுக்குப் போனது. எனக்கு ஒரு துண்டுகூட இல்லை. வளைந்த மானிட்டரில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். அணைந்திருக்கும்போது அது நல்ல கண்ணாடி. தவணைக்கு ஞாபகப்படுத்தும் மெசேஜ் மட்டும் தவறாமல் வந்தது.

ஐந்தாம் நாள் இளம்பிள்ளைக்காரரே கூப்பிட்டார். "கலர் மட்டுந்தான் நான் பாப்பேன், வெட்டுறதுக்கு எங்கம்மிணியாட்ட ஆளே கெடையாது, முந்தானைக் குஞ்சத்துல ஒரு நூலு உடாம வெட்டுவா, அவகிட்டக் குடுத்தாத்தான் நான் தொடுவேன்னு அந்தம்மா ஒரே புடியா நிக்கறாங்க. பாதி வேலை உங்களுக்குங்க."

நல்ல செய்திதான். ஆனால் எனக்குக் கேட்டது 'வெட்டுவா' என்ற சொல் மட்டும். அவள் போட்ட பிச்சை என்று கணவரிடம் சொன்னேன். "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து தெருவைக் குறுக்கே கடந்து பென் டிரைவ் போவதும் வருவதுமாக இருந்தது. நான் வெட்டுவேன், அவள் நிறம் பார்ப்பாள். போகும்போது காபி கிடைக்கும். கணவர் சொன்னது சரிதான். நல்ல காபி.

ஆனால் அந்த மயில்கழுத்துப் புடவை மட்டும் அவளுக்கு வசப்படவே இல்லை. அத்தனை மெனக்கெட்டு வாங்கிய மானிட்டரிலும் ஒருநாள் நீலம், ஒருநாள் பச்சை. கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். "மடிச்சு வெச்சா அது வெறுஞ் சீலை அம்மிணி. கட்டிக்கிட்டு நடந்தாத்தான் மயில்கழுத்து." இதைக் கேட்ட இளம்பிள்ளைக்காரர், அப்படியானால் நீங்களே கட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், குரூப்பில் முதல் படமாகப் போடுகிறேன் என்றுவிட்டார்.

சாயங்கால வெயிலில் மொட்டைமாடியில் நான்தான் எடுத்தேன். அவள் சும்மாதான் நடந்தாள். அந்த நேரம் பார்த்து ஜங்ஷன் பக்கம் ஒரு கூட்ஸ் ஹாரன் அடிக்க, "எங்கூட்டுக்காரரு வண்டியாட்டம் இருக்குது" என்று திரும்பிச் சிரித்தாள். அந்தத் திருப்பத்தில் தோளில் பச்சையும் இடுப்பில் நீலமுமாகப் புடவை விழுந்தது. நான் அழுத்திவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். குவார்ட்டர்ஸில் பட்டப்பகலில் கதவைச் சாத்தினால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

"ஒரு சோலி அம்மிணி. ஆருகிட்டயுஞ் சொல்லப்படாது."

"சொல்லுங்கக்கா."

"அந்தப் படத்துல சீலைய நான் பாத்துட்டேன். கரெக்டா இருக்குது. அதத் தொடாத. இந்த மூஞ்சிய மட்டும் கொஞ்சஞ் செவப்பாக்கிக் குடு."

"நெசம் நெசம்னு சொல்வீங்களேக்கா."

"அது சீலைக்கு."

"உங்க மானிட்டர்லயே பண்ணலாமே. அதுலதான எல்லாம் சரியாத் தெரியும்?"

"அதுல பாத்துப்போட்டுத்தான் வாரேன். சரியாத்தான் தெரியுது. அதுதான் வம்பாப் போச்சு." நாற்காலி நுனியில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றினாள். "பொண்ணுப் பாக்க வந்தப்ப எங்க மாமியா சொன்னாங்க, புள்ள கொஞ்சம் மாநிறந்தான், பரவால்ல பாத்துக்கலாம்னு. இத்தன வருசமாச்சு. இன்னும் என்னத்தப் பாத்துக்கிட்டாங்கன்னு தெரியல."

சிரித்தாள். நானும் சிரித்தேன். படத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நினைத்துப் பாருங்கள். இத்தனை நாள் நான் கேட்டுக்கொண்டிருந்த வரம் தானாக வீடு தேடி வந்திருக்கிறது. ஐந்து ரோட்டையே நடுங்கவைத்தவள், என் மானிட்டரைச் சீரியல் செட் என்றவள், பொய்யாக ஒரு நிறம் கேட்டு என் முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு வார்த்தை வெளியே விட்டால் குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரு வாரம் ஓடும்.

படத்தைத் திறந்தேன். முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளுக்கவைத்தேன். வேறு யாரோ வந்து அவள் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. கொஞ்சம் குறைத்தேன். அந்த வேறு யாரோ வெயிலில் கொஞ்சம் அலைந்துவிட்டு வந்ததுபோல இருந்தது. கன்னத்தில் குழி காணாமல் போயிருந்தது. எல்லாவற்றையும் நீக்கி, பழையபடி வைத்துப் பார்த்தேன். ஹாரன் சத்தத்துக்குத் திரும்பிய அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. என் கல்யாண ஆல்பம் முழுக்கத் தேடினாலும் எனக்கு அப்படி ஒரு படம் கிடையாது. அதை நினைத்ததும் வழக்கமான எரிச்சல் வந்தது. ஆனால் கை அந்த முகத்தின் பக்கம் போக மறுத்துவிட்டது.

காதுக்குப் பின்னால் தெரிந்த துணிக்கொடிக் கம்பியை மட்டும் அழித்தேன். படத்தை அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. பெருமூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் பேசினாள்.

"எப்புடி அம்மிணி பண்ணுன? செவந்துதான் இருக்கறேன். ஆனாப் பண்ணுனதே தெரியல. மத்தவிய பண்ணுனா மாவு பூசுனாப்புல இருக்கும். கை வேலைன்னா இதுதான்."

அவள் என் வேலையை என்னிடமே மெச்சியது அதுதான் முதல் தடவை. நான் செய்யாத வேலைக்கு. "கொஞ்சம் கஷ்டமாத்தான்க்கா இருந்துச்சு" என்றேன்.

படம் குரூப்பில் போனது. மயில்கழுத்துப் புடவை இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்தது. புடவையின் விலையைக் கேட்டவர்களைவிட, கட்டியிருப்பது யார் என்று கேட்டவர்கள்தான் அதிகம் என்றார் இளம்பிள்ளைக்காரர். எடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் அவள் கணவருக்கு ஈரோட்டுக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றும்போது மானிட்டரை லாரியில் வைக்க மறுத்து, மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சரில் போனாள். இப்போதும் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வாள். நான் அனுப்பிய படங்களில் பச்சை அதிகம், சிவப்பு கம்மி என்று குற்றம் சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவாள்.

போன வாரப் போனில் குரல் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாளாம், நல்ல பிள்ளையாம், அவளும் போட்டோ வேலை கற்றுக்கொள்கிறாளாம். "அவளுக்கொரு மானிட்டரு வாங்கோணும்னு ரெண்டு பேரும் ஈரோட்டுல கடை கடையா ஏறி எறங்குறோம் அம்மிணி. நான் ஸ்டூல் மேல நின்னு பாத்தா அவ ஸ்டூலப் புடிச்சுக்கறா. நேத்து ஒரு கடையில டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாங்க. ரெண்டு பேருக்கும்."

நல்லதுக்கா என்று சொல்லிப் போனை வைத்தேன். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.